ஆயுள் தடை வாங்கிய ஆபீசர்

வியாழக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு என் கடை வாசலில் நின்றபடியே உள்ளூர்ப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிப்பார் க்ளைவ் பென்ஃபோல்ட். கடைசிப் பக்கத்தில் கால்பந்து இருக்கும். அதைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். இரண்டு தாள் உள்ளே தள்ளினால் மரண அறிவிப்புகள். வலது கை ஆட்காட்டி விரல் மேலிருந்து பெயர் பெயராக இறங்கும். இடது கையில் நாலாக மடித்த ஒரு பட்டியல். விரல் அடிவரைக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு விடுவார். "இந்த வாரம் நம்ம ஆளு யாரும் இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்.

நம்ம ஆள் என்றால் சொந்தக்காரர் இல்லை. மார்ஸ்கேட் கவுன்சிலில், அதாவது இந்த ஊர் நகரசபையில், அவர் லைசென்ஸ் ஆபீசர். மது விற்கிற கடை, பப், பந்தயக் கடை, காசு போட்டு ஆடுகிற மிஷின் வைத்த இடம் என்று இந்தக் கடற்கரை ஊரில் அவர் பட்டியலில் நூற்று நாற்பத்திரண்டு கதவுகள். ஒவ்வொரு பப் கதவுக்குப் பின்னாலும் ஒரு ஆளின் பெயர். அந்த ஆள் செத்தால் லைசென்ஸும் அதே நிமிடம் செத்துப்போகும். இங்கே சட்டம் அப்படி. இருபத்தெட்டு நாளுக்குள் வீட்டார் ஒரே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கவுன்சிலில் சேர்த்துவிட்டால், செத்தது எழுந்து உட்காரும். சேர்க்காவிட்டால் போனது போனதுதான். புருஷனைப் புதைத்துவிட்டு வந்த பொம்பளை சட்டப் புத்தகத்தையா புரட்டிக்கொண்டிருப்பாள்? அதனால் க்ளைவ் பத்திரிகையைப் புரட்டுகிறார்.

புரட்டினால் மட்டும் போதாது என்று சாவுக்கும் போவார். கோட்டின் உள்பையில் ஒரு பழுப்பு உறை, உறைக்குள் அந்தத் தாள். தேவாலயத்தில் கடைசி வரிசை, ஓரத்து இடம். பாட்டு பாடும்போது வாயை அசைப்பார், சத்தம் வராது. எல்லாம் முடிந்து துக்க வீட்டார் டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் உறையை நீட்டுவார். ஊரில் அவருக்குப் பெயர் 'கழுகு'. மீன் பொரித்து விற்கிற கடைக்காரர் ஒருவர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "யோவ், நீ என்னை ஏற இறங்கப் பார்த்தா பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி இருக்குய்யா." க்ளைவ் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க லைசென்ஸ் உங்க சம்சாரம் பேர்ல இருக்கு. நீங்க போனா பாதகமில்ல" என்று பதில் சொன்னார்.

ஆளைத் தராதரம் பார்க்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. தூத்துக்குடியில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். கப்பல் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு வந்து இறங்கி நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. இன்று எனக்கு நாலு கடை. கவுன்சிலர், போலீஸ், பாதிரியார் என்று அத்தனை பேரும் என் கல்லாவுக்கு முன்னால் நின்றவர்கள்தான். இசக்கிமுத்து என்கிற என் பெயரை இந்த ஊர் வாய் 'ஐசக்' என்று சுருக்கி வைத்திருக்கிறது. க்ளைவ் மட்டும் "மிஸ்டர் இசக்கிமுத்து" என்று ஒரு எழுத்து விடாமல் சொல்லுவார். மரியாதையா என்று கேட்டேன். "லைசென்ஸ்ல அப்படித்தான் இருக்கு" என்றார்.

க்ளைவுக்கு வயது அறுபத்திரண்டு. ஆள் கொடிக்கம்பம் மாதிரி உயரம், அதே கனம். கால்சட்டை சைக்கிள் சங்கிலியில் சிக்காமல் இருக்கக் கணுக்காலில் ஒரு கிளிப் போட்டிருப்பார். சைக்கிள் திருட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது, கிளிப் இன்னும் இருக்கிறது. கடைக்காரன் கொடுக்கிற டீயைத் தொட மாட்டார். தன் பிளாஸ்க்கிலிருந்து தானே ஊற்றிக்கொள்வார். தன் பட்டியலில் இருக்கிற எந்த இடத்திலும் ஒரு சொட்டு பீர் குடிக்கக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. சனிக்கிழமை பதினோராம் நம்பர் பஸ் ஏறி, கவுன்சில் எல்லை தாண்டி ஹெல்டன் என்கிற ஊருக்குப் போய் ஒரே ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வருவார். ஹெல்டன் கவுன்சிலில் இதே வேலை பார்க்கிற அம்மாவுக்கும் இதே விதியாம்; அவர் எதிர் பஸ்ஸில் மார்ஸ்கேட்டுக்கு வருவார். ரவுண்டானாவில் இரண்டு பஸ்ஸும் கடக்கும்போது இருவரும் ஜன்னல் வழியாகக் கையைத் தூக்குவார்கள். இதை நான் பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன்.

என் மூன்றாவது கடைக்கு மது லைசென்ஸ் கேட்டபோது, ஊராருக்குத் தெரியும்படி நான் கடைக் கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸ் வெள்ளைத் தாளில் இருந்தது. இளநீலத் தாளில் இருபத்தெட்டு நாள் இருக்க வேண்டும் என்பது விதி. க்ளைவ் இருபத்தாறாம் நாள் வந்தார். எழுத்தின் உயரத்தைக் கண்ணாடி ஸ்கேல் வைத்து அளந்தார். "எழுத்தெல்லாம் சரியா இருக்கு, மிஸ்டர் இசக்கிமுத்து. தாள்தான் சரியில்ல. நாளைலேர்ந்து மறுபடி ஒண்ணுன்னு எண்ணிக்குங்க." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை அவரே நீலத் தாள் நாலு கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று கிழிந்தால் ஒன்று இருக்கட்டுமாம்.

என் கடைக்கு நேர் எதிரே இருப்பது 'த்ரீ ஹெரிங்ஸ்' பப். ராய் ட்ரஸ்காட் என்கிற பெரிய வயிற்றுக்காரர் முப்பத்தெட்டு வருஷம் நடத்தியது. ராய்க்கும் க்ளைவுக்கும் பகை. இரண்டு வருஷத்துக்கு முன் மூடும் நேரம் தாண்டி ராய் உள்ளே ஆட்களை வைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது க்ளைவ் போலீஸோடு உள்ளே நுழைந்தார். விசாரணையில் மூன்று வாரம் பூட்டு. அதுவும் ஆகஸ்ட் மாதம், கடற்கரைக்குச் சனம் வந்து குவிகிற மாதம். திறந்த அன்று ராய் செய்த முதல் காரியம், கவுண்டருக்குப் பின்னால் தொங்குகிற கரும்பலகையில் எழுதியதுதான். எந்தப் பப்பிலும் தகராறு செய்கிறவர்களுக்குத் தடை உண்டு. ராய் அதைப் பலகையில் எழுதி வைப்பவர். 'கெவின்: ஜூன் வரை.' 'டெனிஸ்: பாடுவதை நிறுத்தும் வரை.' அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'க்ளைவ் பென்ஃபோல்ட்: ஆயுள்.'

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை ராய் மாரடைப்பில் போய்விட்டார். பின்கட்டில் பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்தபோது. ஊர் முழுக்க அன்றைக்கே தெரியும். க்ளைவுக்கும் தெரியும். ஆனால் அடுத்த வாரம் வியாழக்கிழமை என் வாசலில் அவர் விரல் அந்தப் பெயரில் வந்து நின்றபோதுதான் அவர் முகம் மாறியது. இடது கைப் பட்டியலில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "எட்டு நாள் போயிடுச்சு" என்றார்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. எங்கள் துறைமுகத் தெருவில் குடிக்கிற இடங்கள் ஏற்கெனவே அதிகம், இனிப் புதிதாக ஒரு மது லைசென்ஸும் தருவதில்லை என்று கவுன்சிலின் கொள்கைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அறுபத்துநாலு பக்கப் புத்தகம். எழுதியவர் க்ளைவ். ஊரார் கருத்தைக் கேட்டபோது வந்தது மொத்தம் நாலே நாலு கடிதம். நான் அதற்கு முன்னாலேயே என் லைசென்ஸை வாங்கிவிட்டேன், எனக்கு மூக்கு நீளம். ஆக, ராயின் லைசென்ஸ் இருபத்தெட்டு நாளில் உயிர் பெறாவிட்டால் அவர் சம்சாரம் பெரில் புதிதாகத்தான் கேட்க வேண்டும். கேட்டால் க்ளைவின் புத்தகமே குறுக்கே விழும். பப் வெறும் நாலு சுவர் ஆகிவிடும்.

அந்த நாலு சுவரை வாங்க ஆள் தயாராக இருந்தான். பெல்லமி என்று ஒருவன், பக்கத்து ஊர்களில் சூதாட்ட மிஷின் கடை நடத்துகிறவன். துக்கம் ஆறும் முன்பே வந்து, பப்பின் முகப்பைக் காலடியால் அளந்துவிட்டுப் போனான். அவனுக்கு மட்டும் லைசென்ஸ் கொடுப்பீர்களா என்று க்ளைவிடம் கேட்டேன். "அது வேற சட்டம். எல்லாம் சரியா இருந்தா கொடுத்துத்தான் ஆகணும். எனக்குப் பிடிக்கலங்கறது ஒரு காரணம் இல்ல" என்றார். அப்படிச் சொல்லும்போது பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டீ குடிக்கவில்லை.

சரி, அந்தத் தாளில் ஒரு கையெழுத்துத்தானே, போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். கெட்டது எங்கே என்றால் க்ளைவின் கடிதத்தில். இரண்டு கடிதம் அனுப்பினார். முதல் கடிதத்தை பெரில் பிரிக்கவேயில்லை. இரண்டாவதைப் பிரித்தார். முதல் வரியிலேயே சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும். இரண்டாவது வரியில், இந்தக் கட்டடத்தில் இனி மது விற்றால் குற்றம், சிறை வரைக்கும் போகலாம் என்று. பெரில் அதோடு கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார். என்ன செய்தால் லைசென்ஸ் பிழைக்கும் என்பது இரண்டாம் தாளில் நாலாம் பத்தியில் இருந்ததாம்.

"ஏன்யா, தாலி அறுத்தவளுக்குக் கடிதம் எழுதுற லட்சணமா இது? மருந்தை முதல் வரியில வைக்க வேண்டாமா?" என்று நான் கேட்டே விட்டேன். சட்டம் முதலில், விளைவு இரண்டாவது, வழி மூன்றாவது. கவுன்சில் கடிதங்கள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகும் என்றார். முப்பது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறாராம். சொல்லிவிட்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷக் கடிதங்களை மனசுக்குள் திரும்பப் படிக்கிறார் என்று எனக்குப் பட்டது.

பதினாறாம் நாள் அடக்கம். முடிந்ததும் பப்பில் ஊருக்கே பீர். க்ளைவ் உள்ளே வரவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில், என் கடைக் கூரைக்குக் கீழே நின்று, உறையைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். என்ன பார்க்கிறீர் என்றேன். கல்லாப்பெட்டி திறக்கிறதா என்று பார்க்கிறாராம். "காசு வாங்காம ஊத்தினா அது விற்பனை இல்ல. துக்கத்துக்கு ஊத்துறது. சட்டத்துக்கு அங்க வேலை இல்ல." சாயங்காலம் வரைக்கும் கல்லா திறக்கவில்லை. அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அந்த மனுஷன் வேவு பார்க்க நிற்கவில்லை, திறந்துவிடக் கூடாதே என்று நின்றிருக்கிறார்.

கூட்டம் கலையும்போது பெரில் வாசலுக்கு வந்தார். க்ளைவ் ரோட்டைக் கடந்து உறையை நீட்டினார். பெரில் ஊரில் எல்லோரையும் 'கண்ணு' என்று கூப்பிடுகிறவர். கடன் கேட்க வந்தவனும் கண்ணுதான், கண்ணாடியை உடைத்தவனும் கண்ணுதான். அன்று "மிஸ்டர் பென்ஃபோல்ட்" என்றார். ராய் உயிரோடு இருந்தபோது மூன்று வாரம் பூட்டினீர்கள், மண்ணுக்குள் போன அன்றைக்கே நிரந்தரமாகப் பூட்ட வந்துவிட்டீர்களா என்று சத்தம் போடாமல் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். க்ளைவ் வாய் திறந்ததும் அவரிடமிருந்து வந்தது சட்டப் பிரிவின் எண்தான். பழக்கம்.

இருபத்தேழாம் நாள் நானே போனேன். க்ளைவிடம் தாளை வாங்கி என் கையில் எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தெருவில் எந்தக் கதவும் எனக்கு மூடியது கிடையாது. பெரில் என்னை உட்கார வைத்தார், டீ கொடுத்தார், தாளை மட்டும் தொடவில்லை. போன தடவையும் நல்ல காகிதம் என்று சொல்லித்தான் ராயிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள், அதைக் காட்டித்தான் பூட்டினார்கள் என்றார். நான் விடவில்லை. அப்போது அவர் கேட்டார்:

"ஐசக் கண்ணு, நீயும் சரக்குதானே விக்கிற? எதிர்க்கடை மூடினா உனக்கு நஷ்டமா?"

நாற்பத்தொரு வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த எண்ணம் எனக்கு ஒருநாள் ஒரு நிமிடம் வரத்தான் செய்தது. அதனால் தாளை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இருபத்தெட்டாம் நாள் புதன்கிழமை. காலை ஒன்பதிலிருந்து க்ளைவ் பப்பின் வாசலுக்கு எதிரே, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். அன்று லீவு போட்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. பத்து மணிக்கு மழை பிடித்தது. குடை கொண்டுபோய்க் கொடுத்தேன். லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் எதையும் வாங்குவதில்லை என்று மறுத்துவிட்டார். "அப்ப நான் சொல்றதையாவது வாங்கிக்க. அந்தம்மா வெளியே வந்தா மருந்தை முதல்ல சொல்லு" என்றேன். அது மட்டும் இலவசமாக உள்ளே போயிற்று.

மதியம் ஆனது. மூன்று மணி ஆனது. மழை விட்டு, மறுபடி பிடித்தது. மூன்றே முக்காலுக்கு பெரில் விளக்குமாற்றோடு வாசலில் வந்து நின்றார். நான் என் வாசலுக்கு வந்துவிட்டேன். தெரு அகலம் கம்மி, எல்லாம் கேட்கும்.

"என்ன, காலைலேர்ந்து கம்பத்துக்குத் துணையா நிக்கிறீங்க?"

"நிக்கிறேன், மிஸஸ் ட்ரஸ்காட்."

"அன்னிக்கு போலீஸோட கதவைத் தள்ளிட்டு வந்த மனுஷன்தானே நீங்க? இன்னிக்கு வழி தெரியலையா?"

"அன்னிக்கு வந்தது கவுன்சில். அதுக்கு எந்தக் கதவும் திறக்கும். இன்னிக்கு வந்திருக்கிறது நான். எனக்கு இங்க தடை இருக்கு."

பெரில் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "தடை போட்டவர் போய்ச் சேர்ந்தாச்சே."

க்ளைவ் யோசித்தார். புத்தகத்தில் ஒரு பிரிவைத் தேடுகிற மாதிரி யோசித்தார். "ஆயுள்னுதான் எழுதியிருக்கார். யாரோட ஆயுள்னு எழுதல. அப்ப என்னோடதுன்னுதான் எடுத்துக்கணும்."

பெரில் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். ஒரு மாதமாக அந்தத் தெருவில் கேட்காத சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராய் கேட்டிருந்தா ஒரு பீர் ஊத்தியிருப்பான். உங்க தலைல" என்றார்.

அப்போதுதான் க்ளைவ் சொன்னார். சட்டம் வரவில்லை, பிரிவு எண் வரவில்லை.

"பப்பை மூட வரலம்மா. திறக்க வந்திருக்கேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா ராயோட லைசென்ஸ் உங்களுக்கு நிக்கும். அஞ்சு மணி வரைக்கும்தான் வழி."

பெரில் படியிறங்கி நடைபாதைக்கு வந்தார். வாசலில் மேஜையாகக் கிடக்கிற பழைய பீப்பாய் மேல் தாளை வைத்தார்கள். மழை படாமல் க்ளைவ் தன் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். பெரில் இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தார். நாலு இருபத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டார். தாள் தன் கையில் இருந்தால் போதாது, கவுன்சில் கவுண்டரில் முத்திரை விழுந்தால்தான் கணக்கு என்று சொல்லிவிட்டு க்ளைவ் கிளம்பினார். கவுன்சில் இருப்பது மேட்டின் மேல். நாலடி நடந்தார், பிறகு ஓடினார். அறுபத்திரண்டு வயசு, கணுக்காலில் கிளிப், உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கொடிக்கம்பம் மேட்டில் ஓடியதை இந்தத் தெருவில் நானும் பெரிலும் பார்த்தோம். நாலு நாற்பத்தெட்டுக்கு முத்திரை. மருந்தை முதலில் சொல்லச் சொன்னது யார் என்று வாசகர்கள் மறக்க வேண்டாம்.

பெல்லமி அதற்குப் பிறகு இந்தப் பக்கம் காலடி வைத்து அளக்கவில்லை. க்ளைவ் சாவு வீடுகளுக்கு அனுப்புகிற கடிதம் இப்போது வேறு மாதிரி தொடங்குகிறது என்று கேள்வி. மேலதிகாரி ஒருவர் இது முறையான வரிசை இல்லையே என்று திருப்பி அனுப்பினாராம். இவர் மறுபடியும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்.

செப்டம்பரில் பெரில் பெயருக்கு மாற்றிய லைசென்ஸ் வந்தது. தபாலில் போட வேண்டியது. க்ளைவ் கையிலேயே கொண்டுவந்தார். மத்தியான நேரம், உள்ளே நல்ல கூட்டம், டெனிஸ் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். பீர் வாங்க நானும் உள்ளே நின்றிருந்தேன்; என் கடைச் சரக்கை நானே குடிப்பதில்லை. பெரில் அவரைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"உள்ள வா கண்ணு."

க்ளைவ் ஒரு காலைப் படியில் வைத்துக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். கவுண்டருக்குப் பின்னால் அதே பலகை. கெவின் இல்லை, டெனிஸ் இல்லை, எல்லாம் துடைத்திருந்தது. அடியில் அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது. அதன் மேல் யார் கையும் படாமல் ஒரு கண்ணாடித் துண்டு பொருத்தியிருந்தது.

"மத்தவங்களுக்கெல்லாம் மன்னிப்பு கொடுத்து அழிச்சேன்" என்றார் பெரில். "கடைசியா உன் பேருக்கு வந்தேன். அவன் கையால எழுதினது இந்தச் சுவத்துல இனிமே அது ஒண்ணுதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. துணி ஓடல. நீ அதைப் பார்க்காத, வா."

க்ளைவ் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படியில் வைத்த காலை எடுத்து நடைபாதையில் வைத்தார். லைசென்ஸ் இருந்த உறையை வெளியே எடுத்து, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை முடிந்த மட்டும் உள்ளே நீட்டினார்.